காதுக்குப் பின்னோக்கு இல்லை

கேள்வி: யந்திரத்தோடு மனிதர் சம்பாஷிக்கும் முறையை வகுப்பவருக்கு முதற்பாடம் எது?

பதில்: கேட்கத் தெரிவதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் அமைத்து 1966-இல் வெளியிட்ட 'எலிஸா' என்னும் நிரல், தட்டெழுதியவரின் சொற்களையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பியதேயன்றி அவற்றின் பொருளை அறியாததாயினும், அது உருவானதை மாதக்கணக்கில் கண்டிருந்த வைசன்பாமின் காரியதரிசியே, அதனோடு தனித்துப் பேச விரும்பி அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னாரென்றால், செவிசாய்ப்பார் ஒருவர் வேண்டுமென்ற மனிதனின் தாகம் எத்துணைப் பெரிது! இன்றைய தொலைபேசி யந்திரக் குரல்களோ, ஒன்பது எண்களுக்கு ஒன்பது சேவைகளை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கின்றன. ஒன்பதாவது வருகையில் முதலாவது மறந்துபோகிறது. கண் விட்ட வரிக்கு மீளலாம். காது எங்கே மீளும்? ஆகையால் வகுப்போரே, மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். கேட்பவர் மயங்காதிருக்க, பேசுவது யந்திரமென்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.