பருப்புக்கு ஐந்து நட்சத்திரம்

எண்ணெயைக் குறையுங்கள் என்கிறார் பிரதமர். 2025 பிப்ரவரி ‘மனதின் குரல்’ உரையில் கணக்கும் சொன்னார்: மாதாமாதம் 10 சதவீதம் குறைவாக வாங்குங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், தின்பதற்கெல்லாம் கலோரி சொல்ல ‘நியூட்ரிஃபை இந்தியா நவ்’ என்று செயலியே விட்டிருக்கிறது. கையில் போன் இருந்தால் போதும், மளிகைக்கடையில் நமக்குப் புத்தி வந்துவிடுமாம்.

கொடைக்கானல் மேல்மலையில் பல வீடுகளுக்கு மளிகைக்கடை என்றால் முதலில் ரேஷன் கடைதான். அங்கே மலிவாகக் கிடைப்பது என்ன? சர்க்கரை கிலோ 25 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். டெல்லி குறை என்கிறது, சென்னை பாக்கெட்டை நீட்டுகிறது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கேரட்டும் பீன்ஸும் விளைவித்து லாரி ஏற்றுகிறவரின் ரேஷன் பையில் ஒரு காய் கிடையாது. மலை இறங்கினால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட். விலை விழுந்தால் தக்காளி ரோட்டோரம் கொட்டப்படும். அதற்கு எந்தச் செயலியிலும் பொத்தான் இல்லை.

பழனி அடிவாரத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். முன்னால் கோதுமைக் கதிர், வழிகிற பால். சர்க்கரைக் கணக்கு பின்னால், ஒட்டிய மடிப்போரம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். அதை முன்னால் பெரிதாகப் போட்டால் என்ன? சிலி நாடு 2016-லேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்திவிட்டது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் நட்சத்திர மதிப்பீடு என்று வரைவு போட்டது. எச்சரிக்கை கேட்டால் நட்சத்திரம்! எவ்வளவு மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உறுதி. இதை முடிவு செய்ய 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு வைத்தது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம். கம்பெனி பாக்கெட்டில் ஒரு வரி அச்சடிக்க ஆண்டுக்கணக்கில் யோசனை. நம் போனுக்குப் புத்திமதி அனுப்ப ஒரு நொடி.

ரேஷன் கடைக்கும் போன் பாஷை தெரியும். பொருள் வாங்கினால் குறுஞ்செய்தி வரும். வாங்காவிட்டாலும் வரும்; நாளிதழ்களில் படிக்காத புகாரா? ‘பருப்பு ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். வீடு சேருமுன் துவரம் பருப்பு 1 கிலோ வாங்கிவிட்டதாக போன் சிணுங்கும். அந்தப் பருப்பில் கொழுப்பு இல்லை. உப்பு இல்லை. சர்க்கரை இல்லை. ஆணையம் தாராளமாக ஐந்து நட்சத்திரம் தரலாம்.