கூரையைக் கழற்றினால் விலை ஏன் கூடுகிறது?

கேள்வி: கூரை இல்லாத காருக்குத்தான் விலை அதிகமாம்! தகடு மிச்சமாகிறதே, விலை குறைய வேண்டாமா?

பதில்: தகடு மிச்சம், செலவு அதிகம்! தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் உருவி முறுக்குங்கள், நெளியும். உறைக்குள் செருகி முறுக்குங்கள், அசைந்து கொடுக்காது. காருக்குக் கூரைதான் அந்த உறை. அதை எடுத்துவிட்டால் கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், தரைத்தளம், முன்கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் பலப்படுத்தியாக வேண்டும். இல்லையென்றால் குண்டும் குழியுமான சாலையில் ஸ்டியரிங்கே நடுங்கும்.

கேள்வி: கார் உருண்டால் தலைக்கு யார் பொறுப்பு?

பதில்: 1989-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். இதற்கு அருமையான விடை சொன்னது. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வளைகம்பி படுத்திருக்கும். கார் கவிழப்போகிறது என்று சென்சார் உணர்ந்தால், 0.3 விநாடியில் எழுந்து நிற்கும். கண் சிமிட்டும் நேரத்தில் காவல்!

கேள்வி: விற்பனைக்கு வந்த கார்களில் இரும்புக் கூரையை டிக்கிக்குள் இறக்கும் யோசனை எந்த இன்ஜினீயருடையது?

பதில்: ஒரு பல் மருத்துவருடையது! பாரிஸைச் சேர்ந்த ஜார்ஜ் போலேன். 1930-களில் பெஜோ நிறுவனம் அவருடைய யோசனையில் ‘எக்லிப்ஸ்’ கார்களை விற்றது. போர்க்காலத்தில் பிரிட்டிஷாருக்கு ரகசியத் தகவல் அனுப்பிய அவரை நாஜிகள் 1942-ல் சுட்டுக் கொன்றார்கள். கார் பிரியர்கள் மறக்கக் கூடாத பெயர்.

கேள்வி: துணிக்கூரை சிறந்ததா, தகட்டுக்கூரையா?

பதில்: என் ஓட்டு துணிக்கு. 2001-ல் தகட்டுக்கு மாறிய எஸ்.எல்., 2021-ல் துணிக்கே திரும்பியது. அதில் மட்டும் 21 கிலோ குறைந்தது. உச்சியில் பாரம் குறைந்தால் வளைவுகளில் கார் குறைவாகவே சாயும். அந்த எஸ்.எல். காரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே 15 விநாடியில் கூரையைத் திறக்கலாம்.

கேள்வி: எதிர்காற்று முகத்தில் அறையாதா?

பதில்: முகத்தில் அல்ல, பிடரியில்! முன்கண்ணாடியைத் தாண்டிப் போகும் காற்று, பின்னால் சுழன்று திரும்பி வரும். அதனால்தான் இருக்கைக்குப் பின்னே ஒரு வலைத்தடுப்பு. 2004-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. காரில் தலைசாய்ப்பிலிருந்தே கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் போல வெதுவெதுப்பான காற்று வரும். கூரை சும்மா செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து வேறு வழியில் செய்து முடிப்பதே இந்தக் கார்களின் பொறியியல். அந்தப் பாடு எதுவும் பயணிக்குத் தெரியாதபோதுதான் அது சொகுசு கார்.