பால்கனிப் பண்ணையார்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டி ஓடியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. ஜனங்கள் பையோடு வரிசையில் நின்றார்கள். நிற்க மனம் ஒப்பாத சிலர் மட்டும், "இனிமே தக்காளிக்காக ஒருத்தன் முன்னாடியும் போய் நிக்கிறதில்ல" என்று சபதம் போட்டுவிட்டு நேரே நர்சரிக்குப் போனார்கள். பால்கனிப் பண்ணையார்களில் பாதிப்பேர் அன்றைக்கு உருவானவர்கள்தான். நாற்று வேர்பிடித்து, பூத்துக் காய்த்துப் பழுக்க இரண்டரை மாதமாவது ஆகும். செப்டம்பருக்குள் விலை தரைக்கு வந்துவிட்டது. அதனால் என்ன? அதற்குள் அவர் பண்ணையார் ஆகிவிட்டிருந்தார். பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெறலாம், இதிலிருந்து முடியாது.

மேடவாக்கம், போரூர், பெருங்குடி என்று எந்தப் பக்கத்து அடுக்ககத்திலும் இவரைப் பார்க்கலாம். மூன்றாவது மாடி, பத்தடிக்கு நாலடி பால்கனி. அங்கே இருந்த வாஷிங் மெஷின் இப்போது ஹாலில் இருக்கிறது. துணி உலர்த்தும் ஸ்டாண்ட் படுக்கையறையில். நகக்கண்ணில் கறுப்பு, சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் சின்னக் கத்தரி. யாராவது புது வீடு வாங்கினேன் என்று சொன்னால், மெட்ரோ வாட்டர் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று நாமெல்லாம் கேட்போம். இவர், "பால்கனிக்கு ஆறு மணி நேரம் வெயில் வருமா?" என்று கேட்பார். வடக்குப் பார்த்த பால்கனி என்று பதில் வந்தால், துக்கம் விசாரிக்கிற குரலில் "பரவால்ல, கீரை போடுங்க" என்பார்.

இவருடைய தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த நாலு ஏக்கரை விற்றுவிட்டுப் பட்டணம் வந்தவர். பேரன் மண்ணை செல்போனில் ஆர்டர் செய்து, மூட்டைக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து, லிஃப்டில் ஏற்றுகிறார். செம்மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றும் சமபங்கு, கூட ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. இதுதான் கலவை. கோகோபீட் ஐந்து கிலோ கட்டியாக வரும். தண்ணீர் குடித்தால் அறுபது எழுபது லிட்டருக்கு உப்பும் என்று பொட்டலத்திலேயே போட்டிருக்கிறது. பொட்டலத்தில் போட்டிருப்பதை எந்தப் பண்ணையார் முதல் தடவையே படித்திருக்கிறார்? குளிக்கிற வாளியில் ஊறப்போட்டுவிட்டுச் செய்தித்தாள் படிக்க உட்கார்ந்தார். அவர் மனைவி பல் தேய்க்கப் போனபோது குளியலறையில் கால் வைக்க இடமில்லை.

அடுத்தது ரகம். வரன் ஜாதகத்தைப் புரட்டுகிற மாதிரி விதைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "பிகேஎம் 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியீடு. நம்ம ஊர் வெயில் தாங்கும். காம்புப் பக்கம் லேசா பச்சை இருக்கும், அதான் அடையாளம்." அடுத்த பாக்கெட். "இது அர்கா ரக்‌ஷக். பெங்களூர்ல இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்தது. மூணு நோய்க்கு எதிர்ப்பு சக்தி இருக்கு. ஆனா வீரிய ஒட்டு ரகம் பாருங்க, விதை எடுத்து மறுபடி போட்டா தாயாட்டம் வராது." கேட்கிறவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன். ரசீதில் கையெழுத்து விழுகிற வரை அவனும் தலையாட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

செடி முழங்கால் உயரம் வந்ததும் பண்ணையார் வைத்தியராகிறார். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல் பூச்சிக்கு. புளித்த மோரும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து ஊறிய தேமோர் பூப்பதற்கு. பஞ்சகவ்யம் பொதுவான தெம்புக்கு, நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் தண்ணீரில் கலந்து. மிக்ஸி ஜார் ஒன்று சமையலறையிலிருந்து நிரந்தரமாகப் பால்கனிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எந்த ஜார் என்பதில் சில சமயம் குழப்பம் வரும். ஒரு நாள் தோசைக்கு வைத்த சட்னியில் வேப்பெண்ணெய் வாசம் வந்ததாக அந்த வீட்டில் இன்னும் பேச்சு உண்டு.

இந்த வைத்தியத்தின் உச்சம் முட்டை ஓடு. காய் திரண்டு வரும்போது அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு. "முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போடுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டார்கள். நாலு தலைமுறையாக முட்டை நுழையாத வீடு. பண்ணையார் யோசித்தார். இரவு ஒன்பதரைக்கு நடைப்பயிற்சி என்று கிளம்பித் தெருமுனைக் கையேந்தி பவனுக்குப் போனார். ஆம்லெட் போடுகிறவரிடம், தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "தம்பி, ஓடு மட்டும் குடுப்பியா?" என்று கேட்டார். அந்தத் தம்பி எத்தனையோ விதமான வாடிக்கையாளரைப் பார்த்தவர். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. ஒரு பை நிறையக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஓட்டைக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, பொடித்து, மல்லித்தூள் டப்பாவில் போட்டு, டப்பாவைச் செருப்பு அலமாரிக்குள் வைத்தார்.

உண்மையில் அந்தக் கறுப்புக்கு முக்கியக் காரணம் தண்ணீர். இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் குளமாக ஊற்றினால், மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. முட்டை ஓடு கரைந்து செடிக்குப் போய்ச் சேருவதற்கு மாதக்கணக்கு ஆகும். அதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். தினமும் அளவாகத் தண்ணீர் விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதில் ஒரு சாகசமும் கிடையாது. மீன் அமிலத்தில் உண்டு. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடிவைத்த டப்பா, மூன்று வாரம். இதையும் அதே வீட்டில்தான் செய்தார். மூடியைத் திறந்த அன்று, இரண்டாவது மாடிக்காரர் கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டார்.

காலை ஆறரை மணிக்குப் பால்கனியிலிருந்து 'ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். நியூஜெர்சியிலிருக்கும் மகள் அப்பாவின் ஈறு நலம் கருதி அனுப்பிய எலெக்ட்ரிக் டூத் பிரஷ் அது. பண்ணையார் வேப்பங்குச்சிக்குத் திரும்பிவிட்டார். பிரஷ் தக்காளிப் பூவுக்கு. இதில் அவரைக் கேலி செய்ய முடியாது, விஷயம் தெரிந்துதான் செய்கிறார். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தம் மட்டும் குழல் மாதிரியான பைக்குள் அடைபட்டிருக்கும். அதிர்ந்தால்தான் உதிரும். சில வகை வண்டுத் தேனீக்கள் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்த்துவிடும். நம் சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. திறந்த வெளியில் காற்றே போதும். விரலால் காம்பைச் சுண்டினாலும் போதும். ஆனால் மகள் அனுப்பிய பொருள் சும்மா கிடக்கலாமா? வீடியோ காலில் அவள், "அப்பா, பிரஷ் யூஸ் பண்றீங்களா?" என்று கேட்பாள். "தினம் காலைல தவறாம" என்பார். பொய் இல்லை.

ஏப்ரல் வந்தால் அவர் முகம் வாடும். பூ வரும், கொட்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப்போகும், பூ காயாகாது. சென்னையில் மே மாதத்து ராத்திரி அந்த அளவுக்கு இறங்குவதே அபூர்வம். இது பண்ணையாருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வகுப்பே எடுப்பார். இருந்தாலும் போன சித்திரையில் பால்கனிக் கம்பியில் படிகாரமும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. "எதிர் பிளாக்ல இருந்து அந்தம்மா டெய்லி பாக்கிறாங்க சார்" என்றார் தணிந்த குரலில். மனிதர் இன்ஜினீயரிங் படித்தவர்.

இலைச்சுருட்டு வந்தபோதுதான் ஆடிப்போனார். வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்க்கிற வைரஸ் அது, வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்தினால் பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும். நர்சரிக்காரர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அன்றோடு அந்த நர்சரிப் பக்கம் போவதை நிறுத்தினார். இரண்டாவது அபிப்பிராயம், மூன்றாவது அபிப்பிராயம் என்று அலைந்தார். கடைசியில் வீட்டம்மாதான் அவர் தூங்கும்போது பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. ராத்திரி சாப்பிட்டார், தக்காளி சாதம்.

கீழ்வீட்டுக்காரரோடு ஒரு நிரந்தரப் பகை உண்டு. செடி வளர்க்கும் பையின் அடியில் வடிகிற செம்மண் தண்ணீர் அசோசியேஷன் செகரெட்டரியின் வெள்ளை வேட்டிமேல் சொட்டி, அவசரக் கூட்டமே போட்டார்கள். "பால்கனி தாங்குமா? இத்தனை பை, இத்தனை மண், ஈரம் வேற" என்று செகரெட்டரி கேட்டார். நியாயமான கேள்வி, பண்ணையார் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பழத்தைத் தட்டில் வைத்து, கீழே எடுத்துப் போய்க் கொடுத்தார். ஒன்றுதான். அதற்கப்புறம் செகரெட்டரி வேட்டியை உள்ளே காயப்போடுகிறார்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் என்றால் அவரைக் கிளப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். சாவியை என்னிடம்தான் கொடுப்பார், கூடவே இரண்டு பக்கம் எழுதிய காகிதம். "வலது ஓரத்துப் பைக்குக் காலையில் மட்டும். மத்தியானம் இலை தொங்கினால் பயப்பட வேண்டாம், சாயங்காலம் நிமிரும். இலையில் தண்ணீர் படக்கூடாது. பக்கக்கிளை முளைத்தால் கிள்ளவும். கிள்ளத் தெரியாவிட்டால் கிள்ள வேண்டாம்." முகூர்த்த நேரத்துக்குச் சரியாக போன் வந்தது. பின்னணியில் கெட்டிமேளம் கொட்டுகிறது. "சார், இலைக்கு அடிப்பக்கம் வெள்ளையா ஏதாவது பறக்குதா பாருங்க!" தாலி கட்டினது அவருடைய சொந்தத் தங்கை மகன்.

அறுவடை என்பது ஒரு வைபவம். நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து உள்ளே வைத்தால் பழம் தானாகப் பழுத்துவிடும். அணிலுக்கும் கொடுக்க வேண்டியதில்லை. "செடியிலயே பழுத்தாதான் ருசி" என்று காத்திருப்பார். அணிலின் அபிப்பிராயமும் அதுவே. ஒரு பழத்தை முழுதாகத் தின்றாலாவது மனசு ஆறும். எல்லாவற்றிலும் ஒவ்வொரு கடி கடித்து வைத்துவிட்டுப் போகும். வீட்டம்மாவின் பழைய ஷிபான் புடவையைக் கட்டிக் காப்பாற்றிய ஐந்தாறு பழங்களைத் தராசில் வைத்து, பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து, ஊர் முழுக்க அனுப்புவார். ஒன்று தெருப் பிள்ளையாருக்கு. ஒன்று எனக்கு. மிச்சம் சாப்பாட்டு மேசைமேல் கண்காட்சியாக இருக்கும்.

"ஏங்க, ரசம் கொதிக்குது. அந்தப் பழத்துல ரெண்டு எடுத்துக் குடுங்க."

"அது விதைக்கு!"

ஆகவே ரசத்துக்கு வாசலில் வருகிற தள்ளுவண்டித் தக்காளிதான், எப்போதும் போல. அங்கேயும் இவரால் ஒரு உபத்திரவம். வண்டிக்காரம்மா மூன்று கிலோ ஐம்பது என்பார், வீட்டம்மா நாற்பதுக்குக் கேட்பார். பின்னாலிருந்து பண்ணையார், "அம்பதே குடு, பாவம். எவ்வளவு கஷ்டம் தெரியுமா அதுல?" என்பார். பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் விலை இல்லாமல், பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்ற செய்தி வரும் நாளில் இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். எங்கள் கட்டடத்தில் அந்தச் செய்தியைத் தலைப்பைத் தாண்டிப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

வீட்டம்மா வேறு விதமாகப் படிக்கிறவர். அவரிடம் ஒரு டயரி இருக்கிறது. பை, மண், கோகோபீட், உரம், ஸ்பிரேயர், மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை, மிக்ஸி ஜார், புடவை என்று எல்லாம் ஒரு பக்கம்; விளைந்தது எதிர்ப்பக்கம். அவர் கணக்குப்படி வீட்டுத் தக்காளி கிலோ 900 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. "இந்தச் செலவுக்கு உன் வண்டியையே வாங்கியிருக்கலாம்" என்று அவர் சொல்ல, வண்டிக்காரம்மா சிரித்துக்கொண்டே இரண்டு தக்காளி கொசுறு போட்டார்.

உங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருப்பார். பழம் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே கடித்துச் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள், சாம்பாரில் போட்டதைச் சொல்லாதீர்கள். ஊருக்குப் போகும்போது சாவி கொடுத்தால் தண்ணீர் ஊற்றுங்கள். "நாற்று மிச்சம் இருக்கு, ரெண்டு எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாங்கினால் மூன்றே மாதத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு டயரி போட ஆரம்பித்துவிடுவார்கள்.