பேஷ்ஆர்சிக்காரர்

லினக்ஸ் புழங்கும் ஆபீஸ் எதிலும் இவர் ஒருவராவது இருப்பார். டெர்மினலைத் திறந்து தன் கையால் நாலு எழுத்து அடிப்பது இவருக்குக் கௌரவக் குறைச்சல். திறந்த உடனே திரை நாலு கட்டமாகப் பிரிய வேண்டும். ஒன்றில் ஓடும் புரோகிராம்களைக் கண்காணிக்கும் எச்டாப், ஒன்றில் உருண்டோடும் லாக், ஒன்றில் எடிட்டர். நாலாவதில் ஒரு மாடு பொன்மொழி சொல்ல வேண்டும். (விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எழுத்துகளால் மாடு வரைந்து பேசவைக்கும் கௌசே என்ற புரோகிராம் உண்டு.) கேட்டால் நேரம் மிச்சம் என்பார். நேரத்துக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை என்பது என் கட்சி. கல்யாணத்தைவிட வாசலில் வாழைமரம் கட்டுவதில் சுகம் காண்கிறவர் இவர்.

இவருடைய லேப்டாப்பே சாட்சி. அதை இவர் அணைப்பதே கிடையாது, மூடி வைப்பதோடு சரி. ‘அப்டைம்’ என்று அடித்து, மெஷின் நாற்பது நாளாக ஓடுவதைப் பெருமையாகக் காட்டுவார். நாற்பது நாளுக்கு ஒருமுறை மெஷின் புதிதாகக் கிளம்பும் காலைக்காக நாலு ராத்திரி கண்விழித்திருக்கிறார் என்று அர்த்தம். புது டெர்மினல் என்னவோ தினம் பத்துத் தடவை திறக்கத்தான் செய்கிறார். இன்று என்ன தேதி என்று பார்க்கத் திறந்தாலும் மாடு முதல் எச்டாப் வரை மொத்தப் பரிவாரமும் வந்து நிற்கும். ஏனென்றால் இந்த ஏற்பாட்டையெல்லாம் இவர் எழுதி வைத்திருப்பது பேஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பான பேஷ்ஆர்சியில்; டெர்மினலில் புது ஷெல் பிறக்கும் போதெல்லாம் அது படிக்கப்படும். அந்தக் கோப்பிலேயே ‘இன்னொரு டெர்மினலைத் திற’ என்று எழுதிவிட்டால் ரத்தபீஜன் கதைதான். திறந்ததெல்லாம் அதே கோப்பைப் படித்து ஆளுக்கொன்று திறக்கும்.

தினமும் அதே நாலு புரோகிராமோடு மாரடிப்பவருக்கு இது உபயோகம்தானே என்று கேட்கலாம். உபயோகம்தான். அவர் திரையைப் பிரிக்கும் டீமக்ஸுக்குப் பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு அதை மறந்துவிடுகிறார். நம்மவர் கோப்பின் கடைசித் திருத்தத் தேதியைப் பாருங்கள், நேற்றாக இருக்கும். கற்றுக்கொள்கிறாரே என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். மாட்டைக் கோப்பின் தலைமாட்டில் கட்டிவிட்டு, இன்னொரு மெஷினிலிருந்து எஸ்சிபி போட்டுக் கோப்பு அனுப்பிப் பார்க்கட்டும். கோப்பு வர வேண்டிய வழியில் மாட்டின் பேச்சு வந்து விழுந்து, வேலை பாதியில் நிற்கும். அன்றைக்குக் கற்றுக்கொள்வது ஜன்மத்துக்கும் மறக்காது. ஆர்சி என்ற வாலே 1960களில் எம்.ஐ.டி.யின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில் கோப்பில் எழுதிய கட்டளைகளை ஓட்டிய ‘ரன்காம்’ வசதியிலிருந்து வந்தது என்பதால், வியாதி இவரோடு தொடங்கியதும் அல்ல.

அவசரத்துக்கு இவருடைய மெஷினில் உட்கார நேர்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பேஷ் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு, நோஆர்சி என்று சேர்த்தால் வெறும் ஷெல் கிடைக்கும். மாடு மறுபடி வராது.