ஆறு பல் கிட்டார்

நாற்பத்திரண்டு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. "பழசாவே பாத்து வாங்குங்க, எப்படியும் ரெண்டு மாசந்தானே" என்றாள் மனைவி.

செஞ்சியில் ஒரு கல்லூரிப் பையன் விற்கிறான் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை விடியலில் தொண்டூரிலிருந்து கிளம்பினால் சித்தப்பாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். செஞ்சி ஆட்டுச் சந்தையை அவர் தவறவிட்டதில்லை. சந்தை முடிந்ததும் என்னோடு வந்துவிட்டார்.

கட்டில்மேல் பளபளவென்று கிடந்தது கிட்டார். நடுவில் மஞ்சள், ஓரம் போகப்போகச் சிவப்பு. கையில் எடுப்பதற்குள் 'இளைய நிலா' காதில் ஓட ஆரம்பித்துவிட்டது. 1982-இல் அதற்கு வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அடுத்து நான்தான்.

சித்தப்பா குறுக்கே வந்தார். கிடா வாங்குகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று. இதற்குப் பல் எங்கே? தலையில் இருந்த ஆறு முறுக்காணிகளையும் ஒவ்வொன்றாக ஆட்டினார். "ஒரு பல்லு ஆடுதே." பிறகு ஒரு கண்ணை மூடி, கழுத்தை நீளவாட்டில் பார்த்தார். "முதுகு வில்லாட்டம் வளைஞ்சிருக்கு." கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் சந்தைச் சீட்டை விட்டுப் பார்த்தார். சர்ரென்று உள்ளே போனது. "குளம்பும் விட்டுப்போச்சு."

நான் படித்துவிட்டு வந்த பாடமும் இதேதான். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. இதில் என் வண்டிச் சாவியே நுழைந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும், விரலும் போய்விடும். எங்கள் ஊர்க் குன்றில் சமண முனிவர்களுக்காக மோசி என்பவர் வெட்டிய கற்படுக்கை இருக்கிறது, தமிழ்ப் பிராமியில் பேரோடு. அதில் ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பது இதைவிடச் சுகம்.

"கழுத்துக்குள்ள கம்பி இருக்கு அங்கிள், திருகினா நிமிந்துடும்" என்றான் பையன்.

"திருகு."

"சாவி தொலைஞ்சிடுச்சு."

விலை நாலாயிரமாம். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற பழக்கத்தில் சித்தப்பா கையைத் துண்டால் மூடி நீட்டினார். பையன் கைகுலுக்கல் என்று நினைத்து முழுசாகப் பற்றிக் குலுக்கினான். சித்தப்பா முகம் கறுத்தது. "இன்னாடா இவன்? வாயால நாலுன்றான், கையில அஞ்சு புடிக்கிறான்!"

கிளம்பும்போதுதான் கதவுக்குப் பின்னால் இன்னொன்று கண்ணில் பட்டது. கறுப்பு, கால்பந்து ஸ்டிக்கர் ஒட்டி, மேலெல்லாம் கீறல். சித்தப்பா கண்ணை மூடிப் பார்த்தார், சீட்டை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. நானும் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை தட்டினேன். இரண்டும் ஒரே சுருதி. 2,500-க்கு முடிந்தது, வாய்ப் பேச்சிலேயே.

வரும் வழியெல்லாம் அதைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஊர் முனை டீக்கடையில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"எத்தினி பல்லு?"

"ஆறு" என்றார் சித்தப்பா. "வயசுதான். ஆனா முதுகு நேரு."