பெருஞ்சக்கர வேட்கை: அமெரிக்கப் பிக்கப் வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கனரகப் பிக்கப் வண்டி என்பது யாது? முன்னால் ஆள் உட்காரவும் பின்னால் சரக்கு கிடக்கவும் இடம் விட்டு, இரண்டுக்கும் சேர்த்து எண்ணெய் குடிக்கும் வண்டி என்க. ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, செவர்லே சில்வராடோ 2500 எச்.டி. முதலியன இதனுள் அடங்கும். ‘முதலியன’ என்றதனால் ஜி.எம்.சி. சியராவும் கொள்க.

இவ்வண்டியை வாங்கியவர் முதல் வேலையாக அதன் நான்கு சக்கரங்களையும் கழற்றிவிடுகிறார். புது வண்டி, கம்பெனி டயர், பட்டன்கூடத் தேயவில்லை. இருந்தும் கழற்றி, இன்னும் உயரமான டயரும் இன்னும் பளபளப்பான ரிம்மும் மாட்டுகிறார். டெக்சஸ் முதல் இடாஹோ வரை இவ்வழக்கம் பரவிக் கிடக்கிறது. கழற்றியதால் வண்டிக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்பதே இவ்வாய்வின் வினா. பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள ‘டூயலி’ வண்டிகள் ஆய்வு எல்லைக்கு வெளியே. அது தனி உலகம். உள்ளே போனால் கட்டுரை திரும்பி வராது.

முதற்சான்று டயரின் பக்கச்சுவர். கல்வெட்டு படித்துப் பழகியவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. அதே உறுப்புகள்தாம் இதிலும் உள்ளன. மெய்க்கீர்த்தி மேலே பெரிய எழுத்தில் இருக்கும்: கம்பெனியின் பெயர், டயரின் விருதுப் பெயர். பி.எஃப்.குட்ரிச் ஆல்-டெரெய்ன் போன்றவற்றில் அது வெள்ளை எழுத்தில் புடைத்து நிற்கும். வெள்ளையை வெளியே காட்டி மாட்டுவதா, உள்ளே திருப்பிவிட்டுக் கறுப்பெழுத்தைக் காட்டுவதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி வண்டிக்கு அருகே மறு கட்சி வண்டியை நிறுத்தாது. ஆட்சியாண்டும் உண்டு. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் அது: 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்த்த டயர். பல டயர்களில் இவ்வரி ஒரு பக்கத்தில்தான் முழுமையாக இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் ஆய்வாளர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத்தான் வாசிக்க வேண்டும். ஓம்படைக்கிளவியும் தவறவில்லை. தர்மத்தைக் கெடுத்தவன் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது நம் ஊர்க் கல் சொல்வது. அளவு மீறிக் காற்றடித்தாலும் பொருந்தாத ரிம்மில் ஏற்றினாலும் வெடித்துப் படுகாயம் நேரும் என்பது இந்த ரப்பர் சொல்வது. இரண்டையும் யாரும் வாசிப்பதில்லை.

அளவு வரிக்கு வருவோம். எல்.டி.275/70ஆர்18 என்பது நாம் எடுத்துக்கொண்ட பாடம். ‘எல்.டி.’ இலகு டிரக். 275 அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபது. ‘ஆர்’ ரேடியல். 18 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் கூட்டுக்குடித்தனம் செய்கின்றன. கணக்குப் போட்டால் டயரின் உயரம் 842 மில்லிமீட்டர், 33 அங்குலத்துக்குச் சற்று மேல். இந்தத் தொல்லை வேண்டாதவர்க்கு வேறொரு முறை உண்டு: 35X12.50ஆர்20. உயரம் 35, அகலம் பன்னிரண்டரை, ரிம் 20, எல்லாமே அங்குலம். ஒளிவுமறைவற்ற முறை என்று மயங்கிவிடக் கூடாது. டேப் வைத்து அளந்தால் பெரும்பாலும் 34 சொச்சம்தான் வரும். 35 என்பது உபசார வழக்கு.

இனி கொடைச்செய்தி, அதாவது இந்த டயர் எவ்வளவு பாரம் தாங்க ஒப்புக்கொள்கிறது என்பது. மெய்க்கீர்த்தியின் எழுத்தில் கால்வாசி உயரம்கூட இல்லாமல், ரிம்மை ஒட்டி ஓரமாக ஒண்டிக் கிடக்கும். முழு ஆய்வும் இங்கேதான் இருக்கிறது. மேற்படி 275/70ஆர்18, பாரவரிசையில் ‘ஈ’ வகை, 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,640 பவுண்டு தாங்கும். அதைக் கழற்றிவிட்டு ஆசையாசையாக மாட்டும் 35X12.50ஆர்20, அதே ‘ஈ’ வகை, 65 பி.எஸ்.ஐ.யில் 3,195 பவுண்டு தாங்கும். எழுத்துப் பிழையன்று. உயரம் கூடிற்று, அகலம் கூடிற்று, விலையும் கூடிற்று. தாங்குவது மட்டும் டயருக்கு 445 பவுண்டு குறைந்தது. பின்னச்சில் இரண்டு டயர், மொத்தம் 6,390 பவுண்டு. பல எஃப்-350 வண்டிகளின் பின்னச்சோ 7,000 பவுண்டுக்கு மேல் தாங்கும்படி கட்டியது. அச்சு தயார், வில்பட்டை தயார், டயர் கைவிரிக்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பாரத்தைச் சுமப்பது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. 20 அங்குல ரிம் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தபின் பக்கச்சுவருக்கு மிஞ்சுவது ஏழரை அங்குலம். போதாததற்கு 65-க்கு மேல் காற்றடிக்கவும் அனுமதி இல்லை. கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு 18 அங்குல ரிம்மில் எல்.டி.285/75ஆர்18 என்றொரு டயர் கிடைக்கிறது. ‘ஈ’ வகைதான், 80 பி.எஸ்.ஐ.யில் 4,080 பவுண்டு தாங்கும். அமெரிக்கர் இரண்டையும் ‘தர்ட்டி ஃபைவ்’ என்றே அழைப்பர். நான்கு டயருக்கும் சேர்த்து வித்தியாசம் 3,540 பவுண்டு. ஃபோர்டு 2020-இல் சூப்பர் டியூட்டி (எஃப்-250, எஃப்-350) வண்டிக்கு ‘டிரெமர்’ என்னும் வகையைக் கொண்டுவந்தபோது கம்பெனியே 35 அங்குல டயர் போட்டுத் தந்தது. எந்த ரிம்மில்? 18. மூலநூலாசிரியரே உரையும் எழுதிய அரிய நிகழ்வு.

20 அங்குல ரிம்தான் வேண்டும், பாரமும் இழுக்க வேண்டும் என்பார்க்கு அதே 35X12.50ஆர்20-இல் ‘எஃப்’ வகை இருக்கிறது, 80 பி.எஸ்.ஐ.யில் 3,640 பவுண்டு, பழைய கணக்கு சரியாகிவிடும். டயர் கனக்கும், காசும் கனக்கும். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது ‘ஈ’.

இங்கே ஒரு தடை எழும். பாரம் ஏற்றுவோர் 18-ஐயும் ஏற்றாதோர் 20-ஐயும் கொள்வர். பிழை என்ன எனின்: பாரம் ஏற்றாதார்க்கு இவ்வளவு பெரிய வண்டியே எதற்கு என்னும் வினா அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். அவ்வினாவை உரக்கக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாகன நிறுத்தம் பாதி காலியாகிவிடும். ஆய்வாளருக்கும் அந்த ஊரில் நாலு பேர் வேண்டும். ஆகையால் தடையை அப்படியே விட்டுவிடுகிறோம்.

ரிம்மைப் பற்றி. கனரகப் பிக்கப்பின் ரிம் எட்டு போல்ட்டில் நிற்கும். மூன்று கம்பெனிக்கும் எட்டுதான். ஆனால் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் ராமுக்கு 165.1 மில்லிமீட்டர்; 1999-இல் சூப்பர் டியூட்டி வந்தது முதல் ஃபோர்டுக்கு 170; 2011 முதல் செவர்லேக்கும் சியராவுக்கும் 180. ஐந்து, பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூன்று குலங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லாமல் போயிற்று. பங்காளியின் பழைய ரிம்மை ஓசியில் வாங்கிப் போடலாம் என்ற ஆசை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மடிகிறது.

போல்ட் பொருந்தியபின் வருவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. முகம் வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் நேர், உள்பக்கம் தள்ளியிருந்தால் எதிர். கம்பெனி ரிம் 8 அங்குல அகலமும் நேர் 40-ம் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சந்தையில் ஓகோவென்று விற்கும் ஒரு ரிம் 12 அங்குலம், எதிர் 44. மாட்டினால் ரிம்மின் வெளியோரம் ஏறத்தாழ 135 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். வீல் பேரிங்குக்கு நெம்புகோல் நீண்டது. ஸ்டியரிங் மேடுபள்ளம் கண்ட இடமெல்லாம் கையை இழுக்கிறது. மட்கார்டைத் தாண்டி நிற்கும் டயர் சேற்றையும் சரளையையும் வாரித் தன் கதவிலேயே அடித்துக்கொள்கிறது. சொந்த வண்டியைத் தானே கல்லெறிந்து தாக்கும் ஏற்பாட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும். கதவுக்குப் பின்னே நின்று பார்த்தால் பெயின்ட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும், நம்பிவிடலாம்.

உரசல் தனி இயல். இரவில் முன்சக்கரத்தை முழுக்க ஒடித்துவிட்டு மட்கார்டின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் பிறை வடிவில் ஒரு தேய்வு, அதன் விளிம்பில் சுருண்ட பிசிறு, பிசிறுக்குள் காய்ந்த செம்மண். உரிமையாளரைக் கேட்டால், “லேசாத்தான் உரசும், அதுவும் ரிவர்ஸில் மட்டும்” என்பார். ரிவர்ஸில் மட்டும் உரசாத வண்டி இதுவரை கண்ணில் படவில்லை. சிலர் பிளாஸ்டிக்கை வெட்டுவர், சிலர் ஹீட் கன்னால் சூடேற்றி வளைப்பர். பொறுமையற்றவர் வண்டியையே தூக்கிவிடுவர். தூக்கியபின் ஏற முடியாமல் படிக்கட்டு வாங்குவர். முன்பக்கம் ஒரே தண்டாக அச்சு கொண்ட வண்டியில், மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், கனத்த டயர் ‘டெத் வாபிள்’ என்னும் நடுக்கத்தை எழுப்பிவிடும். ஸ்டியரிங் இரு பக்கமும் உதறி அடிக்கும். இதற்குச் சிரிப்பு வராது. டயர் மாற்றுமுன் மூட்டுகளைப் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும் என்பது எல்லாரும் அறிந்ததே. 33-ஐக் கழற்றி 35 போட்டால் 70 மைல் என்று முள் காட்டும்போது வண்டி 74-ஐ ஒட்டிப் போகும். கம்ப்யூட்டரில் அளவைத் திருத்தாவிட்டால் ஓடிய தூரமும் குறைவாகவே பதியும். ஒரு லட்சம் மைல் ஓடிய வண்டி 95,000-க்குக் குறைவாகக் காட்டி இளமை எய்தும். அதனால் மைலேஜ் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் பெரிய டயர் தன்மேல் தானே பொய்ப்பழி சுமத்திக்கொள்கிறது. உண்மையான மைலேஜ் எவ்வளவு குறைந்தது? கடினமான கேள்வி. அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் கேலனுக்கு எத்தனை மைல் என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். வண்டியின் மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டினால் அந்த எண்ணைப் போட வேண்டியதில்லை என்பது விதி. எதிலிருந்து குறைந்தது என்பதே தெரியாதபோது குறைந்ததற்கு யார் அழுவார்?

இந்த வேட்கைக்குக் குலமுதல்வர் உண்டு. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் வட்டாரத்துக்காரர் பாப் சாண்ட்லர். கையில் இருந்தது 1974-ஆம் ஆண்டு எஃப்-250, அதாவது நம் ஆய்வுப்பொருளின் நேர் பாட்டன். டயரைப் பெரிதாக்கினார், தாங்கவில்லை என்று அச்சைப் பெரிதாக்கினார், அச்சு பெரிதானதும் டயர் சிறிதாகத் தெரிந்தது. இந்தச் சுழலில்தான் ‘பிக்ஃபுட்’ பிறந்தது. 1981-இல் அதைப் பழைய கார்கள் மேல் ஏற்றி நசுக்கினார். மான்ஸ்டர் டிரக் என்றொரு கேளிக்கைத் தொழிலே கிளம்பிற்று. 1986-இன் பிக்ஃபுட் 5-க்கு 10 அடி உயர டயர். பனிவெளியில் தண்டவாளம் இல்லாமல் ஓட அமெரிக்க ராணுவம் செய்வித்த நிலரயிலின் டயர்கள் அவை. அதைப் பார்த்தபின் 35 அங்குலம் அடக்கத்தின் இலக்கணமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

தலைகால் மாறிய பிரிவினரும் உளர். கனரகப் பிக்கப் கம்பெனியிலிருந்து வரும்போதே பின்பக்கம் சற்றுத் தூக்கி, மூக்கு தாழ்ந்திருக்கும். பின்னால் பாரம் ஏறினால் மட்டம் வரட்டும் என்பதற்காக. பலர் இது பார்க்க நன்றாயில்லை என்று முன்பக்கத்தை இரண்டு அங்குலம் ஏற்றி, வெறும் வண்டியிலேயே மட்டமாக்கிவிடுகின்றனர். பிறகு டிரெய்லர் மாட்டியதும் பின்பக்கம் அமர்ந்து ஹெட்லைட் மரக்கிளையை ஆராயும். ‘கரோலைனா ஸ்க்வாட்’ பிரிவினர் இதையே வேண்டுமென்று செய்கிறவர்: முன்னால் தூக்கி, பின்னால் இறக்கி, ஓட்டுநர் கண்ணில் சாலையைவிட வானம் அதிகம் விழும்படி. வட கரோலைனா 2021 டிசம்பர் 1 முதல் இதற்குத் தடை போட்டது. முன் மட்கார்டு பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கலாகாது. வர்ஜீனியாவும் தென் கரோலைனாவும் பின்தொடர்ந்தன. மட்கார்டின் உயரத்தை அளக்கச் சட்டமன்றம் கூடியது ஆய்வாளருக்குத் தெம்பூட்டும் செய்தி. சிரத்தையோடு அளப்பவர் அவர் மட்டும் அல்லர்.

எஞ்சியிருப்பது கழற்றிய டயர்களின் கதி. இவற்றுக்கு ‘டேக்-ஆஃப்’ என்று சந்தைப் பெயர். ஷோரூமிலிருந்து வீடு வரைக்கும் ஓடிய டயர், கம்பெனி ரிம், காற்றழுத்தம் சொல்லும் சென்சார் உட்பட, புதுவிலைக்கு வெகு கீழே. வாங்க வருபவர் வைக்கோல் டிரெய்லரோ மாட்டு டிரெய்லரோ இழுப்பவராக இருப்பார். வண்டி பழையது, பெட்டியில் கயிறும் சங்கிலியும் கிடக்கும். வந்ததும் டயரைச் சுற்றிக் குனிந்து, வெள்ளை எழுத்தை விட்டுவிட்டு, ரிம் ஓரத்துப் பொடியெழுத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் படிப்பார். 80 பி.எஸ்.ஐ., 3,640 பவுண்டு. தலையசைப்பார். பிறகு ஐந்தாவது எங்கே என்று கேட்பார். ஸ்டெப்னியைக் கொடுப்பதற்கில்லை, புதிதில் நான்குதான் வாங்கினேன், ஐந்தாவதுக்குக் காசு மிஞ்சவில்லை என்பார் விற்பவர். மூன்று 35-க்கு நடுவில் ஒரு 33-ஐ மாட்டி நாலு சக்கர டிரைவில் ஓட்டினால் டிஃபரென்ஷியல் என்ன பாடுபடும் என்பது வந்தவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொண்டிருக்காமல், ஐந்தாவது இல்லையே என்று சொல்லி இன்னொரு 50 டாலரைக் குறைத்துக் கேட்பார்.