பேத்தைக்கு ஒரு ரிஜிஸ்டர்

திருப்பூருக்குக் கடல் கிடையாது. வரைபடத்தைப் பார்த்தால் பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் பொன்னானிக் கடல்தான் கிட்டம். ஆனால் எங்கள் ஊர்க்காரரைக் கேட்டால் தூத்துக்குடியைத்தான் கை காட்டுவார். பனியன் பெட்டி எங்கே கப்பல் ஏறுகிறதோ அதுதான் அவருக்குக் கடல். ஷிப்மெண்ட் தேதியாக மட்டுமே தெரிந்த அந்தக் கடலில் தண்ணீர், மீன் முதலியவையும் உண்டு என்பது உபரிச் செய்தி.

உள்ளூரிலேயே தூண்டில் போடலாமே என்பீர்கள். நொய்யல் இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்வதற்கு முன்பெல்லாம், ஆற்றை எட்டிப் பார்த்தே வெளிநாட்டில் இந்த சீசனுக்கு என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். மீனைப் பற்றி அது எதுவும் சொன்னதில்லை. நஞ்சராயன் குளமோ பறவைகள் சரணாலயம். 2024-இல் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே கூழைக்கடா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நமக்குப் பந்தி.

ஆகவே மே மாத ஞாயிறு ஒன்றில், திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்ட கையோடு எங்கள் கம்பெனி வேன் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்து நின்றது. திருச்செந்தூரில் ஆண்கள் மேல்சட்டை, பனியன் இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊருக்கெல்லாம் பனியன் தைப்பவர்கள் வெற்றுடம்போடு வரிசையில் நின்றது முருகனுக்கே புதுக் காட்சியாக இருந்திருக்கும். கட்டிங் மாஸ்டர் கழுத்தில் மட்டும் இன்ச் டேப் தொங்கியது. அதைக் கழற்றச் சொல்லி விதி இல்லையாம்.

உச்சி வெயில். கரையில் ஓர் அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். மீனுக்கு விடியலும் பொழுது சாயும் நேரமும்தான் தோது, இந்த வெயிலுக்கு அது ஆழத்துக்கு இறங்கிவிடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாஸ்டர் கேட்கவில்லை. "நைட்டு பத்துக்குள்ள தாராபுரம் தாண்டோணுமுங்ணா. இருக்கற நேரத்துல பீஸ் எடுத்தாகோணும்."

மெர்ச்சண்டைசர் தம்பிக்கு வேறு கவலை. "ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலமுங்களே, ஆடிட்ல பிரச்சன வராதுங்களா?"

"அது விசைப்படகுக்குத் தம்பி. தூண்டிலுக்கு எவன் தடை போட்டான்?"

தூண்டில் கைமாறியது. ஓவர்லாக் டெய்லர் தங்கூசி நரம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இது எத்தன கவுண்ட்டுங்க?"

"நாப்பது நம்பர்."

"நாப்பதா? இத்தன தடியாவா? உங்கள நல்லா ஏமாத்திப்போட்டானுங்க."

பருத்தி நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும். தங்கூசியில் எண் ஏற ஏறத் தடிக்கும். இந்த ஒரு விஷயத்தை இரு தரப்பும் புரிந்துகொள்வதற்குள் வைத்திருந்த இறால் துண்டில் ஈ மொய்த்துவிட்டது. மாஸ்டர் ஈயத்தைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினார். எதிரே கொண்டல் காற்று. பகலில் தரை சீக்கிரம் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை, பின்னால் உட்கார்ந்திருந்த அயர்ன்காரரின் எலுமிச்சை சாதத்தில் விழுந்த ஈயம் நிரூபித்தது.

ஒருவழியாகத் தூண்டில் தண்ணீருக்குள் போனது. இனிச் சும்மா இருக்க வேண்டும். திருப்பூர்க்காரருக்கு வராத தொழில் அது ஒன்றுதான். ஒன்றரை ஷிப்ட் நிற்கச் சொன்னால் நிற்பார். ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் உடம்பு நோகும். லைன் சூப்பர்வைசர் அட்டைப்பெட்டி மடலைக் கிழித்து எழுத ஆரம்பித்தார்: முதல் மணி, டார்கெட் 10, புரொடக்‌ஷன் 0. அதை மணலில் நட்டும் வைத்தார். மீன் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இரை மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது. "பேத்தை மேயுது வே" என்றார் அண்ணாச்சி. கிளி மூக்கு மாதிரி பல் அதற்கு. இரையை அரித்துத் தின்னும், நரம்பைக் கத்தரிக்கும், சமயத்தில் தூண்டில் முள்ளையே கடித்து முறிக்கும்.

கடைசியில் ஒன்று மாட்டியது. உள்ளங்கை அகலம், வெள்ளை வயிறு. மணலில் போட்டதும் மாஸ்டர் டேப்பை எடுத்துவிட்டார். "லென்த் அஞ்சு. செஸ்ட் ரெண்டரை." தம்பி எழுதி முடிப்பதற்குள் அது கர்ர் கர்ரென்று காற்றை இழுத்துப் பந்தாக உப்பியது. "செஸ்ட் நாலரை. இருங்க, அஞ்சு." மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. அரை இன்ச் டாலரன்ஸுக்கு மேல் கண்டால் தாங்காத மனிதர். "தொவச்சாச் சுருங்கற துணி பாத்துருக்கறனுங்க. எடுத்து வெச்சா உப்பற ஐட்டத்த இப்பத்தான் பாக்கறனுங்க."

தின்னலாமா என்ற பேச்சு எழுவதற்குள் அண்ணாச்சி குறுக்கிட்டார். ஈரலும் சினையும் விஷம். வேக வைத்தாலும் போகாது. ஜப்பானில் இதன் சொந்தக்கார மீனைச் சமைக்க உரிமம் பெற்ற ஆள் வேண்டும். உலகத்தில் இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. எங்கள் ஊரில் வீண் என்று எதையும் எறிவதில்லை. கட்டிங் வேஸ்ட் மறுபடி நூலாகும். தேறாத பீஸ் காதர்பேட்டைச் சந்தைக்குப் போய் விலையாகும். காதர்பேட்டையும் வாங்காத சரக்கு ஒன்றை அன்றுதான் கண்டோம். முள்ளைக் கழற்றி மீனைக் கடலில் விட்டார்கள். சற்று நேரம் தலைகீழாக மிதந்துவிட்டு, காற்றை விட்டு, பழைய சைஸுக்கு வந்து நீந்திப் போனது.

அப்போதுதான் செக்கிங் அக்கா முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தார். நுனி இல்லை.

ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மிஷின் நிற்கும். உடைந்த துண்டு அத்தனையும் கிடைக்கும்வரை தேட வேண்டும். சேர்த்து வைத்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி. குழந்தை உடுப்பு ஒன்றில் ஊசி நுனி கிடந்தால் மொத்த ஆர்டரும் திரும்பிவிடும். அக்கா பல வருஷமாக இதில் நின்றவர்.

"நுனி கெடைக்காம வேன் எடுக்க உடமாட்டேன்."

அந்த வெயிலில், கொதிக்கும் மணலில், மொத்தக் கம்பெனியும் மண்டியிட்டது. அக்காவின் கைப்பையிலிருந்து காந்தம் வந்தது. இழுத்துப் பார்த்தால் முள் நுனி ஒட்டவில்லை. இந்தக் கடலோரத்துக் கருமணல்தான் மீசை மீசையாக ஒட்டியது. அதையும் தட்டிச் சலித்துப் பார்த்தார்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, கடல் தின்ன முள்ளுக்கெல்லாம் கணக்கு எழுதணும்னா, எங்க அப்பா காலத்துக்கே நோட்டு ஏத்தக் கப்பல் வேணுமே!"

அக்கா அசரவில்லை. தம்பியின் டைரியில் கட்டம் போட்டு, மிச்ச முள்ளை ஒட்டினார். தேதி, நேரம் எழுதினார். ஆபரேட்டர் பெயருக்கு எதிரே மாஸ்டர் கையெழுத்து. மிஷின் நம்பருக்கு 'வலது கை'. உடைந்த காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, சாட்சி என்ற முறையில் பேனாவை அண்ணாச்சியிடம் நீட்டினார்.

அவர் எங்களை எல்லாம் ஒரு முறை பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி 'பேத்தை' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.